கடல் தெரியாத ஊரில் ஒரு கடற்படைத் தளம்

அரக்கோணத்தை அடுத்துள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் ரயிலேறிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட அரக்கோணத்தில் கடற்படைக்கு என்ன வேலை? (அரக்கோணம் வாசகர்)

பதில்: கப்பலுக்குத்தான் கரை பக்கத்தில் இருக்க வேண்டும், விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சென்னையிலிருந்து அரக்கோணம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு கண்காணிப்பு விமானத்துக்கு இது ஐந்தாறு நிமிடப் பயணம். ஒருமுறை கிளம்பினால் பல மணி நேரம் கடலுக்கு மேலேயே சுற்றப்போகிற விமானத்துக்கு அந்த ஐந்து நிமிடம் ஒரு பொருட்டே அல்ல.

கரையை விட்டுத் தள்ளியிருப்பதில் நன்மையும் உண்டு. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைக்கு வந்து, துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது நமக்குத் தெரியும். 'எம்டன்' என்ற சொல்லே தமிழில் எதற்கும் துணிந்த ஆளைக் குறிப்பதாக நிலைத்துவிட்டது. அந்தக் காலத்துக் கப்பல் பீரங்கியின் குண்டு அரக்கோணம் வரை எட்டாது. தவிர, உப்புக்காற்றில் நிற்கும் விமானத்தின் உலோகத்தைத் துரு அரிக்கும் வேகம் அதைப் பராமரிப்பவர்களுக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு, அரக்கோணம் ஒரு பெரிய ரயில் சந்திப்பு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இந்த வழியாகத்தான் ஓடியது. மும்பை நோக்கியும் பெங்களூரு நோக்கியும் பாதைகள் பிரியும் அந்த இடத்துக்கு எரிபொருளையும் தளவாடத்தையும் கொண்டுவந்து சேர்ப்பது எளிது. தட்டையான நிலமும் ரயிலும் கரையிலிருந்து போதிய தூரமும் ஒருசேர அமைந்த இடங்கள் சென்னையைச் சுற்றி அதிகமில்லை.

கேள்வி: இந்தத் தளம் வெள்ளைக்காரர் காலத்தது என்று என் தாத்தா சொல்வார். ஆனால் 1992இல் திறக்கப்பட்டதாகப் படித்தேன். எது சரி? (திருத்தணி வாசகி)

பதில்: இரண்டும் சரி. ஓடுபாதையின் கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. ராஜாளி என்ற கடற்படைத் தளத்தின் கதை 1992 மார்ச் 11 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதை முறைப்படி கடற்படையில் சேர்த்தபோது தொடங்குகிறது.

உங்கள் தாத்தா சொன்ன காலத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தன. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. அதே சில நாட்களில் வங்காள விரிகுடாவில் 20க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. சென்னையில் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலிசெய்தார்கள். அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் சென்னைக்கு மேலேயே வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது.

அந்த ஏப்ரலில் நடந்ததில் இன்றைய ராஜாளியோடு நேரடித் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. கொழும்பு தாக்கப்படுவதற்கு முந்தைய நாள், இலங்கைக்குத் தெற்கே வெகுதூரத்தில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டுபிடித்தது ஒரே ஒரு விமானம்தான். கனடாவைச் சேர்ந்த லியனார்ட் பிர்ச்சால் ஓட்டிச் சென்ற கடலினா என்ற அந்தப் பறக்கும் படகு, செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைபிடிக்கப்பட்டார். அந்தச் செய்தி வந்திராவிட்டால் கொழும்பு உறக்கத்திலேயே அடிபட்டிருக்கும். வடக்கே வங்காள விரிகுடாவில் மூழ்கிய வணிகக் கப்பல்களுக்கு அப்படி எச்சரிக்க யாரும் இருக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருக்க மேலே ஒரு கண் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

அதன்பின் சென்னை மாகாணத்தில் ஓடுபாதைகள் மளமளவென்று முளைத்தன. தாம்பரம், சூலூர், தஞ்சாவூர், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, சோழவரம், வேலூர், செட்டிநாடு என்று அந்தப் பட்டியல் நீளும். அரக்கோணமும் அவற்றில் ஒன்று. செங்குன்றம் ஏரியில் ஓடுபாதை போடவே தேவையிருக்கவில்லை. பிர்ச்சால் ஓட்டியது போன்ற கடலினா விமானங்கள் ஏரித் தண்ணீரிலேயே இறங்கி ஏறின. இன்று சென்னை குடிக்கும் தண்ணீர் அது.

போர் முடிந்ததும் இந்த ஓடுபாதைகளின் தலையெழுத்து வெவ்வேறாகிப் போனது. தாம்பரமும் சூலூரும் தஞ்சாவூரும் காலப்போக்கில் விமானப்படையிடம் போயின. சோழவரத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. உளுந்தூர்பேட்டையும் கயத்தாறும் விமானமே வராத வெறும் காங்கிரீட் பட்டைகளாகக் கிடந்தன. அரக்கோணத்துக்கு மறுபிறவி கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கேள்வி: தரையில் இருக்கும் இடத்துக்குக் கப்பலைப் போல 'ஐ.என்.எஸ்.' என்று ஏன் போடுகிறார்கள்? ராஜாளி என்ற தமிழ்ப் பெயரை யார் கேட்டு வைத்தார்கள்? (காஞ்சிபுரம் வாசகர், மேலும் மூவர்)

பதில்: முதல் பாதிக்கு விடை எளிது. ஐ.என்.எஸ். என்பது 'இந்தியக் கடற்படைக் கப்பல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். கரையில் உள்ள தளத்தையும் ஒரு கப்பலாகவே கருதிப் பெயரிட்டு, அதன் பணியாளர்களைக் கப்பலில் பணிபுரிபவர்களைப் போலவே கணக்கில் எழுதுவது பிரிட்டிஷ் கடற்படையின் பழைய வழக்கம். நம் கடற்படையும் அதைத் தொடர்கிறது. ராஜாளியில் வேலைக்குச் சேர்பவரும் ஒரு 'கப்பலில்'தான் சேர்கிறார். அவர் துடைக்கும் தரைகூட அங்கே 'டெக்'தான்.

இரண்டாம் பாதியில்தான் சுவை இருக்கிறது. கடற்படையின் விமானத் தளங்களுக்குப் பறவைகளின் பெயர் வைப்பது வழக்கம். கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்சா என்னும் அன்னம், அந்தமான் நிக்கோபாரின் தென்கோடியான கேம்ப்பெல் பேயில் பாஸ் என்னும் வல்லூறு. ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள தளம் 2009இல் ஐ.என்.எஸ். பருந்து ஆனது. ராஜாளியும் பருந்தும் அச்சு அசல் தமிழ்ப் பெயர்கள். நாட்டின் கடற்படைப் பட்டியலில் தமிழ்ப் பறவைகள் இரண்டு சிறகடிப்பதைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் இந்த வழக்கம் சுதந்திர இந்தியா தொடங்கியது அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை ஜப்பானுக்கு எதிரான போருக்காகத் தன் விமானங்களைக் கிழக்கே கொண்டுவந்தபோது, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தான் எடுத்துக்கொண்ட தளங்களுக்கு அந்தந்த ஊர்ப் பறவைப் பெயர்களையே வைத்தது. தாம்பரத்தின் பெயர் எச்.எம்.எஸ். வல்லூறு (நமக்கு ஐ.என்.எஸ். போல, பிரிட்டிஷ் கடற்படைக்கு எச்.எம்.எஸ்.). சூலூரின் பெயர் எச்.எம்.எஸ். வைரி. கோயம்புத்தூரின் பெயர் எச்.எம்.எஸ். கருடா. இலங்கையின் புத்தளத்தில் எச்.எம்.எஸ். ராஜாலியா, ராஜாளியின் சிங்களச் சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வல்லூறும் வைரியும் வேட்டைப் பறவைகள் என்பதைக் கண்டறிந்து பெயர்ப்பலகையில் ஏற்றிய அந்த முகம் தெரியாத அதிகாரிக்கு நம் ஊர்ப் பறவைகளைப் பற்றி நல்ல அறிவு இருந்திருக்க வேண்டும், அல்லது நல்லதொரு தமிழ் எழுத்தர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இடையில் இன்னொரு செய்தி. கோவாவின் ஹன்சா பிறந்தது கோவாவில் அல்ல. 1961 செப்டம்பரில் சூலூரில்தான் அது கடற்படையில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் கோவா விடுதலையடைந்த பிறகு, 1964இல் அங்குள்ள டபோலிமுக்குக் குடிபெயர்ந்தது. ஆக, அன்னமும் கொங்கு நாட்டில் பொரித்த குஞ்சுதான்.

கேள்வி: ராஜாளியின் ஓடுபாதை ஆசியாவிலேயே நீளமானது என்கிறார்களே, உண்மையா? (வேலூர் வாசகர்)

பதில்: அப்படியே சொன்னால் தவறு. ராஜாளியின் ஓடுபாதை சுமார் 4,100 மீட்டர் நீளம் கொண்டது. சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதை 3,658 மீட்டர்தான் என்பதால், நம் பக்கத்தில் அது மிக நீளமாகத் தெரிகிறது. ஆனால் ஹைதராபாத் ஷம்ஷாபாத்தில் 4,260 மீட்டரும், டெல்லியில் 4,430 மீட்டரும் நீளமுள்ள ஓடுபாதைகள் இருக்கின்றன. திபெத்தில், காற்று அடர்த்தி குறைந்த உயரத்தில் உள்ள ஷிகாட்சே விமான நிலையத்தின் ஓடுபாதை 5,000 மீட்டர். கடற்படைகளின் ஓடுபாதைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ராஜாளியுடையது ஆசியாவின் மிக நீளமானவற்றில் ஒன்று என்பதே அளவான பேச்சு.

இவ்வளவு நீளம் எதற்கு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விமானத்தின் எடை கூடக் கூட, தரையை விட்டு எழும்ப வேண்டிய வேகமும் அதற்கான ஓட்டமும் கூடும். அதோடு வெப்பம் சேர்ந்துகொள்கிறது. அக்கினி நட்சத்திரப் பகலில் காற்று விரிந்து அடர்த்தி குறைந்துவிடுவதால் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் எஞ்சினின் ஆற்றலும் ஒருசேரக் குறைகின்றன. எஞ்சின் பழுதாகி, ஓடத் தொடங்கிய விமானத்தை நடுவழியில் நிறுத்த நேர்ந்தால் அதற்கும் முன்னால் இடம் இருக்க வேண்டும். ராஜாளிக்கு வந்த முதல் பெரிய விருந்தாளி அப்படிப்பட்ட கனம் கொண்டது. அதைப் பற்றி அடுத்த கேள்வியில்.

கேள்வி: என் சிறுவயதில் எங்கள் கிராமத்துக்கு மேல் நாலு எஞ்சின் விமானம் ஒன்று பெரும் இரைச்சலோடு போகும், பரணில் பாத்திரங்கள் கடகடக்கும். இப்போது அந்தச் சத்தமே இல்லை. அது என்ன விமானம், எங்கே போயிற்று? (நெமிலி வாசகர்)

பதில்: நீங்கள் கேட்டது டி.யூ.142 விமானத்தின் குரல். சோவியத் யூனியன் அணுகுண்டு வீச உருவாக்கிய டி.யூ.95 விமானத்தைக் கடலுக்கேற்ப மாற்றியமைத்தது அது. நம் கடற்படை 8 விமானங்களை வாங்கியது. அவை 1988இல் முதலில் கோவாவுக்கு வந்து, ராஜாளி தயாரானதும் 1992இல் அரக்கோணத்துக்கு மாறின.

அந்த இரைச்சலுக்குக் காரணம் அதன் எஞ்சின். இறக்கைகளில் நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15,000 குதிரைத்திறன். ஒவ்வொரு எஞ்சினின் முன்னாலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுழல்விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். விசிறிக்கு நான்கு அலகு (இதழ்) வீதம் மொத்தம் 32 அலகுகள். ஒவ்வொரு விசிறியின் விட்டமும் ஐந்தரை மீட்டருக்கு மேல் என்பதால், அலகுகளின் நுனி ஒலியின் வேகத்தை ஒட்டிச் சுழல்கிறது. முன்விசிறி கலைத்த காற்றைப் பின்விசிறி மறுபடி வெட்டும்போது எழும் அதிர்வு ஒன்று, நுனியில் எழும் வெடிப்பொலி ஒன்று, இரண்டும் கலந்ததுதான் உங்கள் வீட்டுப் பாத்திரங்களை ஆட்டியது. அதன் மூல விமானத்தின் சத்தத்தைக் கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளும் கேட்கும் என்று சொல்வதுண்டு. நீர்மூழ்கியைத் தேடிப் போகும் விமானத்தைப் பற்றி இப்படிச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஆனால் அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். விசிறி வைத்த விமானமாக இருந்தும் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது. முழு எரிபொருளோடு 185 டன் எடை. நடுவில் எங்கும் இறங்காமல் சுமார் 12,000 கிலோமீட்டர் பறக்கும். சென்னையிலிருந்து அந்தமான் போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், அரக்கோணத்தில் கிளம்பி மலாக்கா நீரிணையின் வாய் வரை போய், அங்கே பல மணி நேரம் வட்டமடித்துவிட்டு வீடு திரும்ப அதற்கு மூச்சிரைக்காது. 29 ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் நடந்த விழாவில், அப்போதைய கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லான்பா முன்னிலையில் அவற்றுக்கு விடைகொடுத்தார்கள். உதிரிபாகத் தட்டுப்பாடும் பராமரிப்புச் செலவும் எந்தப் பழைய விமானத்தையும் ஒருநாள் தரையில் இறக்கிவிடும்.

கேள்வி: இப்போது பறப்பது பயணிகள் விமானம் போலத்தான் இருக்கிறது. இது எப்படிக் கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும்? (சென்னை, கல்லூரி மாணவி)

பதில்: பயணிகள் விமானம் போல இருப்பதற்குக் காரணம், அது பிறந்ததே அந்தக் குடும்பத்தில்தான். பி-8ஐ என்ற இந்த விமானம் போயிங் 737 விமானத்தின் உடலைக் கொண்டு செய்யப்பட்டது. 2009இல் 8 விமானங்களுக்கு ஒப்பந்தமாகி, முதலாவது 2013 மே 15 அன்று ராஜாளியில் இறங்கியது. பின்னர் வாங்கிய நான்கையும் சேர்த்து இன்று 12 இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி கோவாவில் உள்ளது. சன்னல்கள் வரிசையாக இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் மூடியிருக்கும். உள்ளே இருக்கைகளுக்குப் பதில் ஒரு பக்கச் சுவரை ஒட்டித் திரைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர்.

நீர்மூழ்கி தண்ணீருக்கு மேல் தலைகாட்டினால் ரேடார் போதும். உள்ளே போய்விட்டால் ரேடார் அலை கடல்நீரில் நுழையாது, ஒலிதான் நுழையும். எனவே விமானத்திலிருந்து ஒலிமிதவைகளைப் போடுவார்கள். சோனோபாய் என்று அழைக்கப்படும் இது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமும், கைக்குள் அடங்காத பருமனும் கொண்ட குழாய். சிறு பாராசூட்டில் இறங்கித் தண்ணீரைத் தொட்டதும் இரண்டாகப் பிரியும். மிதக்கும் பாதி ஓர் ஆன்டெனாவை மேலே நீட்டிக்கொள்ளும். மறுபாதி நுண்ணொலிவாங்கியைக் கம்பியில் கட்டி ஆழத்தில் இறக்கும். கீழே கேட்பதெல்லாம் மேலே விமானத்துக்குப் போகும். ஒன்று போட்டால் சத்தம் இருப்பது தெரியும்; பலவற்றை வரிசையாகப் போட்டால் சத்தம் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பது தெரியும். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்பவை ஒரு வகை; தாமே ஒலியெழுப்பி எதிரொலியைக் கேட்பவை இன்னொரு வகை. இரண்டாவது வகையில் ஒரு சங்கடம் உண்டு. தேடப்படுகிறோம் என்பது நீர்மூழ்கிக்கும் தெரிந்துவிடும்.

வங்காள விரிகுடா இதில் ஒரு தனிப் புதிர். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் ஓர் அடுக்காக நிற்கிறது. உப்பும் வெப்பமும் அடுக்குக்கு அடுக்கு மாறுவதால் ஒலி நேராகச் செல்லாமல் வளைகிறது. ஒரு அடுக்கின் கீழே பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியின் சத்தம் மேலே உள்ள காதுக்கு எட்டாமலே போகலாம். ஆகவே எந்த ஆழத்தில் காதை இறக்குவது என்பதைக் கருவியைவிட ஆளின் அனுபவம்தான் தீர்மானிக்கிறது.

நம் விமானத்தில் அமெரிக்கக் கடற்படை தன் விமானத்துக்கு வேண்டாமென்று விட்ட ஒரு கருவியும் இருக்கிறது. வாலில் நீண்டு நிற்கும் கொம்பில் உள்ள காந்த உணரி அது. பெரிய இரும்புடல் அருகில் இருந்தால் புவியின் காந்தப்புலம் மிகச் சிறிதளவு குலையும். அதை இது பிடிக்கும். எட்டும் தூரம் சில நூறு மீட்டர்தான் என்பதால் விமானம் தாழப் பறந்தாக வேண்டும். ஒலிமிதவை காட்டிய இடத்தில் இருப்பது நீர்மூழ்கிதானா என்று கடைசியாக உறுதிசெய்ய இது உதவும். இலக்கு உறுதியானால் போட டார்பிடோவும், கப்பல்களுக்கு எதிராக ஹார்ப்பூன் ஏவுகணையும் உண்டு.

இந்தக் கண்கள் போர் இல்லாத காலத்திலும் சும்மா இருப்பதில்லை. 2014 மார்ச்சில் மலேசியாவின் எம்.எச்.370 விமானம் காணாமல் போனபோது பி-8ஐ தேடச் சென்றது. அப்போது அது ராஜாளிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.32 வங்காள விரிகுடாவில் மறைந்தபோதும் தேடியது. அந்தத் தேடலில் எதுவும் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீரடி ஊர்தி சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில்தான் அதன் சிதைவுகள் தெரிந்தன. நீர்மூழ்கி சத்தம் போடும், நகரும். மூழ்கிய விமானம் பேசாது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

கேள்வி: ராஜாளியின் ட்ரோன் கடலில் விழுந்ததாகச் செய்தி வந்ததே? (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: ஆம். 2020 நவம்பர் முதல் அமெரிக்க நிறுவனமொன்றிடம் குத்தகைக்கு எடுத்த எம்.க்யூ.9பி சீகார்டியன் என்ற இரண்டு ஆளில்லா விமானங்களை ராஜாளியிலிருந்து இயக்கினார்கள். ஒரே மூச்சில் 30 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடியவை. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பர் 18 அன்று கோளாறு ஏற்பட்டு, சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. உள்ளே ஆள் இல்லாததால் உயிரிழப்பு இல்லை. அடுத்த மாதமே முப்படைகளுக்கும் சேர்த்து இவ்வகையில் 31 விமானங்கள் வாங்க இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது, 15 கடற்படைக்கு.

கேள்வி: தளத்தில் ஹெலிகாப்டர்களும் சுற்றுகின்றனவே? (திருவள்ளூர் வாசகி)

பதில்: கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. பல்லாண்டுகளாகச் சேட்டக் ஹெலிகாப்டரில் தொடக்கப் பாடம் நடக்கிறது. வயல்வெளிக்கு மேல் ஒன்று ஒரே இடத்தில் அசையாமல் நிற்க முயன்று தள்ளாடினால், உள்ளே மாணவர் ஒருவர் வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

கேள்வி: 2015 வெள்ளத்தில் நாங்கள் அரக்கோணம் போய்த்தான் விமானம் ஏறினோம். அப்படியே அதைப் பயணிகள் விமான நிலையமாகவும் ஆக்கிவிட்டால் என்ன? (சென்னை, குரோம்பேட்டை வாசகர்)

பதில்: 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி மீனம்பாக்கம் ஓடுபாதை முழுகியதால் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. அப்போது ராஜாளி பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பேருந்துகளில் வந்து ஏறியவர்களில் நீங்களும் ஒருவர் என்று தெரிகிறது. பெட்டிகளை உருட்டிச் செல்லும் பட்டையோ, காத்திருக்கும் கூடமோ இல்லாத இடத்தில் அந்த விமானங்கள் கிளம்பியதற்கு நீளமான ஓடுபாதையும் மேடான நிலமும்தான் காரணம்.

நிரந்தரமாகச் செய்வதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. விசாகப்பட்டினத்திலும் கோவாவின் டபோலிமிலும் போர்ட் பிளேரிலும் ஓடுபாதை கடற்படையுடையது. பயணிகள் முனையம் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் அந்த ஏற்பாடு வந்ததற்கு, ஊருக்கு வேறு ஓடுபாதை இல்லை என்பதே காரணம். டபோலிமில் வார நாட்களின் காலை நேரத்தைக் கடற்படைப் பயிற்சிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததால், பயணிகள் விமானங்கள் பிற்பகலிலும் இரவிலும் நெருக்கியடித்துக்கொண்டன. நீர்மூழ்கித் தேடல் விமானமும் பயிற்சி ஹெலிகாப்டரும் ட்ரோனும் ஏற்கெனவே பங்குபோடும் ஒரு வானத்தில் அட்டவணை விமானங்களையும் சேர்ப்பது, என் கருத்தில், இரு தரப்புக்கும் தலைவலி. நெருக்கடிக்குத் திறக்கும் கதவாக அது இருப்பதே நல்லது.

கேள்வி: சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று விமானங்களைப் படமெடுக்கலாமா? ஊராட்சியில் குப்பை கொட்டக்கூடாது என்று எச்சரித்தார்களே, அதற்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு? (அரக்கோணம், இரு வாசகர்கள்)

பதில்: படமெடுக்க வேண்டாம். இராணுவத் தளங்கள் 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடங்கள். 'ஆசைக்கு எடுத்தேன்' என்ற விளக்கத்தைக் காவலர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ட்ரோன் பறக்கவிடுவது அதைவிட மோசம். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளில் சிவப்பு மண்டலம் எனக் குறிக்கப்பட்ட வானில், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பொம்மை அளவு ட்ரோனைக்கூட ஏற்றக்கூடாது. திருமணப் படப்பிடிப்புக்காரர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. தளத்தை ஒட்டி மாடி எழுப்புவதற்கும் தடையின்மைச் சான்று கேட்பார்கள்.

குப்பை விஷயம் பறவைகளைப் பற்றியது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி கால்நடைகளை அறுப்பதையும் கழிவுகளைக் கொட்டுவதையும் விமான விதிகள் வெகுகாலமாகத் தடுத்துவருகின்றன. இறைச்சிக் கழிவு கிடக்கும் இடத்துக்கு மேலே கரும்பருந்துகள் வட்டமிடும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் எழும்பும் விமானத்தின் எஞ்சினுக்குள் ஒரு கிலோவுக்கும் குறைவான பருந்து ஒன்று புகுந்தால் விசிறி அலகுகள் நெளிந்துவிடும். ராஜாளி என்றும் பருந்து என்றும் பெயர் வைத்துக்கொண்டு, உண்மையான ராஜாளியும் பருந்தும் வேலிக்குள் வந்துவிடக் கூடாதே என்று வேட்டுப் போட்டு விரட்டிக்கொண்டிருப்பது விமானத் தளங்களின் அன்றாட வேலை.

கேள்வி: அந்தப் பழைய டி.யூ.142 விமானத்தை இனி எங்காவது பார்க்க முடியுமா? (நெமிலி வாசகரே மீண்டும்)

பதில்: முடியும், விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டும். ராஜாளியிலிருந்து ஓய்வுபெற்ற விமானங்களில் ஒன்றை அங்கே அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். 2017 டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதைத் திறந்துவைத்தார். 53 மீட்டர் நீள உடல். இறக்கையின் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால், அசையாமல் நிற்கும் அந்த அலகுகள் ஒவ்வொன்றும் ஓர் ஆளைவிட உயரமாக இருப்பது தெரியும். உள்ளே ஏறினால் இவ்வளவு பெரிய விமானத்தில் மனிதர்களுக்கு ஒதுக்கிய இடம் எவ்வளவு குறுகல் என்பதும் விளங்கும். வெளியே வந்ததும் சாலையைக் கடந்து எதிர்ப்புறம் போங்கள். மணலில் ஐ.என்.எஸ். குர்சுரா நிற்கிறது. அது நீர்மூழ்கிக் கப்பல், 2002 முதல் அதுவும் அருங்காட்சியகம்தான். அதைப் பார்க்கத் தனிச் சீட்டு வாங்க வேண்டும்.